பெயர் பெற்ற ரயில்களும் இரட்டை டீசல் இன்ஜின்களும்

1930களின் நடுப்பகுதியிலிருந்து 1950களின் தொடக்கம் வரை, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ரயில்வே நிறுவனங்கள் தங்கள் புகழ்பெற்ற பயணிகள் ரயில்களை நீராவியிலிருந்து டீசலுக்கு மாற்றின. சூப்பர் சீஃப், டென்வர் செஃபிர், சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ, கேபிடல் லிமிடெட் எனப் பெயர் சூட்டி ஓட்டப்பட்ட அந்த ரயில்களின் பழைய படங்களில் ஒன்று கண்ணில் படும். முன்னால் ஒரு டீசல் இன்ஜின் தனியாக இருப்பது குறைவு. பெரும்பாலும் இரண்டு, சில ரயில்களில் மூன்று அல்லது நான்கு இன்ஜின்கள் ஒரே வண்ணத்தில், ஒரே வண்டி போல் ஒட்டி நிற்கும். அந்தத் தோற்றம் விளம்பரத்துக்கு உதவியது உண்மைதான். ஆனால் இன்ஜின்களை இணைத்ததற்கான காரணங்கள் வேறு: ஒரு டீசலின் வலிமை போதவில்லை, அது வழியில் நிற்காது என்ற நம்பிக்கை இல்லை, மலையேற்றம் இருந்தது. இணைத்த பிறகு அதில் எத்தனை பேருக்கு வேலை என்ற சச்சரவும் எழுந்தது.

இக்கட்டுரையில் ரயிலை இழுக்கும் வண்டி ‘இன்ஜின்’ என்றும், அதற்குள் எண்ணெயை எரித்துச் சுழலும் இயந்திரம் ‘டீசல் பொறி’ என்றும் குறிக்கப்படுகின்றன. ஓட்டுநர் அறை உள்ள இன்ஜினை அமெரிக்கர்கள் ‘ஏ’ அலகு என்றும், ஓட்டுநர் அறை இல்லாமல் பின்னால் இணைக்கப்படும் இன்ஜினை ‘பி’ அலகு என்றும் அழைத்தனர்.

ஒட்டிப் பிறந்த ரயில்கள்

1934இல் வந்த முதல் நவீன ரயில்களில் இன்ஜின் தனியாகக் கழற்றக்கூடியதாக இல்லை. யூனியன் பசிபிக் நிறுவனத்தின் எம்-10000, பர்லிங்டன் நிறுவனத்தின் செஃபிர் ஆகிய இரண்டிலும் அடுத்தடுத்த பெட்டிகள் ஒரே போகியைப் பகிர்ந்து கொண்டன. முன்பெட்டியிலேயே பொறி இருந்தது. எம்-10000 டீசலில் ஓடவில்லை, பெட்ரோலிய வடிபொருள் ஒன்றில் ஓடியது. செஃபிரில் இருந்தது 600 குதிரைத்திறன் கொண்ட வின்டன் 201-ஏ டீசல் பொறி. 1934 மே 26 அன்று டென்வரிலிருந்து சிகாகோ வரையிலான ஏறத்தாழ 1,015 மைலை (1,633 கி.மீ.) அது வழியில் நிற்காமல் 13 மணி 5 நிமிடத்தில் கடந்தது. நாடு முழுவதும் பேச்சானது.

ஆனால் மூன்றே பெட்டிகள் கொண்ட ரயில் அது. கூட்டம் பெருகினால் இன்னொரு பெட்டியைச் சேர்ப்பது எளிதல்ல. பெட்டியைச் சேர்த்தாலும் 600 குதிரைத்திறன் இழுக்காது. இதைவிடப் பெரிய தொல்லை, பொறி பழுதானால் ரயில் முழுவதுமே பணிமனைக்குப் போக வேண்டும் என்பது. நீராவிக் காலத்தில் ஓர் இன்ஜின் கெட்டுப்போனால் அடுத்த நிலையத்தில் வேறொன்றை மாட்டிக்கொண்டு போவார்கள். ஒட்டிப் பிறந்த ரயிலுக்கு அந்த வழி இல்லை.

பர்லிங்டன் நிறுவனம் 1936இல் டென்வர் செஃபிர் என்ற இரவு ரயிலைத் தொடங்கியபோது பாதி வழி வந்தது. அதை இழுக்க இரண்டு அலகுகள் கொண்ட ஜோடி அமைக்கப்பட்டது: முன் அலகில் 1,800, பின் அலகில் 1,200, ஆக மொத்தம் 3,000 குதிரைத்திறன். ஒரு ஜோடிக்கு சில்வர் கிங், சில்வர் குயின் என்றும், மற்றதற்கு சில்வர் நைட், சில்வர் பிரின்சஸ் என்றும் பெயர். ராஜாவும் ராணியும் போல ஜோடியாகவே நினைத்து, ஜோடியாகவே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதே 1936 ஜூனில் ஓடத் தொடங்கிய சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ ரயிலிலும் தலா 1,200 குதிரைத்திறன் கொண்ட இரண்டு மின்னாக்கி வண்டிகள் முன்னால் இருந்தன. சிகாகோ அண்டு நார்த் வெஸ்டர்ன், யூனியன் பசிபிக், சதர்ன் பசிபிக் ஆகிய மூன்று நிறுவனங்களின் கூட்டு ரயில் அது. இருந்தது ஒரே ஒரு ரயில்தொடர் என்பதால் மாதத்துக்கு ஐந்து முறை மட்டுமே புறப்பட்டது. கப்பல் புறப்படும் நாள்களைப் போலப் பயணிகள் தேதி பார்த்துக் காத்திருந்தனர்.

சூப்பர் சீஃபின் இரட்டையர்

இன்ஜினை ரயிலிலிருந்து பிரித்து, பிறகு இன்ஜினோடு இன்ஜினை இணைப்பதே சரியான வழி என்பதைச் செயலில் காட்டியது சான்டா ஃபே நிறுவனம். 1935இல் அது எலக்ட்ரோ-மோட்டிவ் நிறுவனத்திடமிருந்து எண் 1, எண் 1ஏ என்ற இரு டீசல்களை வாங்கியது. பெட்டி போன்ற வடிவம். அழகு என்று சொல்ல எதுவும் இல்லை. ஒவ்வொன்றிலும் 900 குதிரைத்திறன் வின்டன் பொறிகள் இரண்டு. இரண்டு இன்ஜின்களும் சேர்ந்தால் நான்கு பொறிகள், 3,600 குதிரைத்திறன். வானொலியில் புகழ்பெற்றிருந்த நகைச்சுவைப் பாத்திரங்களின் பெயரால் ‘அமோஸ் அண்டு ஆண்டி’ என்று இந்த ஜோடியைக் கேலியாக அழைத்தனர்.

1936 மே 12 அன்று இந்த ஜோடி முதல் சூப்பர் சீஃபை இழுத்தது. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை ஏறத்தாழ 2,227 மைல் (3,584 கி.மீ.). ஒதுக்கப்பட்ட நேரம் 39 மணி 45 நிமிடம். அந்த நிறுவனத்தின் சிறந்த நீராவி ரயிலுக்கே அதுவரை இரண்டு நாள்களுக்கு மேல் தேவைப்பட்டது. நீராவி ரயில் வழி நெடுக இன்ஜின் மாற்றும், தண்ணீர் பிடிக்கும், சாம்பல் கொட்டும். டீசல் ஜோடியோ ஒரு முனையில் புறப்பட்டு மறு முனை வரை தானே போனது. சேமித்த நேரத்தில் பெரும்பகுதி இப்படிக் கிடைத்ததுதான். உச்ச வேகம் கூடியதால் மட்டும் கிடைத்தது அல்ல.

ஆனால் நடுப் பாலைவனத்தில் பொறி நின்றுவிட்டால் என்ன செய்வது? நான்கு பொறிகளை வைத்ததன் நோக்கம் இந்தக் கேள்வியில் இருக்கிறது. வின்டன் 201-ஏ புதிய பொறி, பழுதுகள் அதற்குப் பழக்கமானவை. ஒரு பொறி நின்றால் நாலில் மூன்று பங்கு வலிமை மிஞ்சும்; ஒரு முழு இன்ஜினே செயலிழந்தாலும் மற்றது ரயிலை இழுத்துக்கொண்டு அடுத்த பணிமனையை எட்டும். ஓடும்போதே, இன்ஜினுக்குள் நடந்து சென்று நின்ற பொறியைப் பழுதுபார்க்கவும் முடிந்தது. நீராவி இன்ஜினில் இப்படி ஒரு வசதியைக் கற்பனைகூடச் செய்ய முடியாது.

1937இல் சூப்பர் சீஃபுக்குத் துருப்பிடிக்காத எஃகுப் பெட்டிகளும், ஈ1 வகையைச் சேர்ந்த புதிய ஏ–பி ஜோடியும் வந்தன. லீலண்ட் நிக்கர்பாக்கர் வரைந்த சிவப்பு, வெள்ளி வண்ண அமைப்பு இந்த இன்ஜின்களில்தான் முதலில் பூசப்பட்டது. சான்டா ஃபே வாங்கிய ஈ1 இன்ஜின்கள் பதினொன்று. எட்டு ஏ, மூன்று பி. அதாவது எல்லா ரயிலுக்கும் ஜோடி தரப்படவில்லை. 1938இல் தொடங்கிய எல் கேபிடன் ஐந்து பெட்டிகள் மட்டுமே கொண்ட இருக்கை ரயில். அதற்கு ஓர் ஈ1 போதுமானதாக இருந்தது. ரயிலின் எடையைப் பார்த்து இன்ஜின்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கலாம் என்பது இங்கே தெளிவாகிறது. பால்டிமோர் அண்டு ஒஹையோ நிறுவனம் இதே காலத்தில் ஆறு ஏ, ஆறு பி என்று சரிசமமாக வாங்கியது. கேபிடல் லிமிடெட் போன்ற கனமான படுக்கை வசதி ரயில்கள் அதன் மனத்தில் இருந்தன. சிட்டி ஆஃப் சான் பிரான்சிஸ்கோ, சிட்டி ஆஃப் லாஸ் ஏஞ்சலிஸ் ஆகியவற்றின் பெரிய புதிய ரயில்களுக்கு ஈ2 வகையில் ஓர் ஏ, இரண்டு பி என மூன்று அலகுத் தொகுதிகள் வந்தன. ஒவ்வொரு தொகுதியும் 5,400 குதிரைத்திறன்.

இரண்டையும் ஒருவர் ஓட்டுவது எப்படி

இரண்டு நீராவி இன்ஜின்களைச் சேர்த்தால் இரண்டு ஓட்டுநர்கள், இரண்டு ஃபயர்மேன்கள் வேண்டும். முன்னவர் விசிலடித்துச் சைகை காட்ட, பின்னவர் அதற்கேற்ப நீராவியைக் கூட்டிக் குறைப்பார். டீசலில் அது தேவைப்படாததற்குக் காரணம் டீசல் அல்ல, மின்சாரம்.

இந்த இன்ஜின்களில் டீசல் பொறி சக்கரத்தை நேராகச் சுழற்றுவதில்லை. அது மின்னாக்கியைச் சுழற்றும். அந்த மின்சாரம் அச்சுகளில் உள்ள இழுவை மோட்டார்களுக்குப் போகும். ஒவ்வொரு அலகும் தன் மின்சாரத்தைத் தானே ஆக்கித் தானே செலவிடுகிறது. அலகுகளுக்கிடையே ஒரு தடித்த கேபிள் வழியாகக் கட்டளைகள் மட்டுமே கடக்கின்றன. ஓட்டுநர் கைப்பிடியை ஒரு படி நகர்த்தினால் எல்லா அலகுகளிலும் பொறிகள் ஒரே படி வேகம் கூடும். பிரேக்கிற்கான காற்றுக் குழாய்களும், குளிர்காலத்தில் பெட்டிகளைச் சூடாக்கும் நீராவிக் குழாயும் தனியே இணைக்கப்படும். டீசல் இன்ஜினிலும் பயணிகளுக்காக ஒரு சிறு கொதிகலன் இருந்தது என்பது பலரும் அறியாத செய்தி.

பல வண்டிகளை ஓரிடத்திலிருந்து ஓட்டும் இந்த முறை ரயில் டீசலைவிட மூத்தது. ஃபிராங்க் ஸ்பிரேக் என்ற பொறியாளர் 1897இல் சிகாகோவின் சவுத் சைடு உயர்நிலை ரயில்பாதையில் மின்ரயில்களுக்காக அதை உருவாக்கினார். நாற்பது ஆண்டுகள் கழித்து அது தொலைதூர ரயில்களுக்கு வந்தது.

எல்லாரும் ஒரே வகைக் கட்டுப்பாட்டைப் பின்பற்றவில்லை. பால்டுவின் நிறுவனத்தின் பல இன்ஜின்களில் கைப்பிடி காற்றழுத்தத்தால் இயங்கியது. எலக்ட்ரோ-மோட்டிவ் இன்ஜினோடு அதை இணைத்து ஒருவர் ஓட்ட முடியாது. ஒரு நிறுவனம் இரண்டு வகையும் வாங்கினால், தனித்தனி ஜோடிகளாகவே வைத்திருக்க வேண்டும். ஜோடி சேராத இன்ஜின் பாதி இன்ஜின்தான். பால்டுவின் போட்டியில் பின்தங்கியதற்கு இது ஒரே காரணம் இல்லை என்றாலும், சிறிய காரணமும் இல்லை.

அதன் ‘சென்டிபீட்’ இன்ஜின்களின் கதையும் சொல்லத்தக்கது. ‘பூரான்’ என்று பொருள்படும் அந்தப் பெயர், வரிசையாக இருந்த சக்கரங்களால் வந்தது. 1947–48இல் பென்சில்வேனியா ரயில்வே 24 சென்டிபீட்களை வாங்கி, முதுகோடு முதுகாகப் பன்னிரண்டு நிரந்தர ஜோடிகளாக்கியது. ஜோடிக்கு 6,000 குதிரைத்திறன். பெயர் பெற்ற ரயில்களை இழுப்பதற்காக வந்தவை அவை. ஒழுக்குகளும் பழுதுகளும் தொடர்ந்தன. பிரிக்க முடியாத ஜோடி என்பதால் ஒன்று படுத்தால் மற்றதும் படுத்தது. சில ஆண்டுகளுக்குள் அவை ஆல்டூனா மலையேற்றத்தில் சரக்கு ரயில்களைப் பின்னாலிருந்து தள்ளும் வேலைக்கு இறக்கப்பட்டன. ஒட்டிப் பிறந்த செஃபிரின் குறையை, பதின்மூன்று ஆண்டுகள் கழித்துக் காசு கொடுத்து மறுபடியும் வாங்கியது போலிருந்தது அது.

ஓர் எண், எத்தனை ஆட்கள்?

சான்டா ஃபே தன் இன்ஜின்களுக்கு எண் இட்ட முறையைக் கவனிக்க வேண்டும். இரண்டு, மூன்று, நான்கு அலகுகள் சேர்ந்தாலும் எண் ஒன்றுதான். அலகுகளைப் பிரித்தறிய எழுத்துகள் மட்டும் சேர்க்கப்பட்டன. முதல் அலகுக்கு ‘எல்’, அடுத்தவற்றுக்கு ‘ஏ’, ‘பி’, ‘சி’. ரயில் உத்தரவுகளில் ஒரு ரயிலை அதன் இன்ஜின் எண்ணால் அடையாளம் காட்டுவது அமெரிக்க வழக்கம் என்பதால் இதில் நடைமுறை வசதி உண்டு. ஆனால் இன்னொரு நோக்கமும் இருந்தது: ‘இது ஒரே இன்ஜின்’ என்று சொல்வது. ஒரே இன்ஜின் என்றால் ஓர் ஓட்டுநர், ஒரு ஃபயர்மேன். நான்கு இன்ஜின்கள் என்றால்?

தொழிற்சங்கங்கள் எழுப்பிய கேள்வியும் அதுவே. 1937இல் ஏற்பட்ட தேசிய உடன்பாட்டின்படி, எடை மிகுந்த டீசல் இன்ஜின்களிலும் முதன்மைப் பாதைப் பயணிகள் ரயில்களிலும் கரி வாரிப் போட வேலை இல்லாவிட்டாலும் ஃபயர்மேன் ஒருவர் இருக்க வேண்டும் என்று முடிவானது. அலகுகள் பெருகப் பெருக, இரண்டாவது ஃபயர்மேனும் வேண்டும் என்று ஃபயர்மேன்களின் சங்கம் கேட்டது. ஓட்டுநர் அறையில் ஒருவர் சைகை பார்க்க, இன்னொருவர் பின் அலகுகளின் பொறிகளைக் கவனிக்கட்டும் என்பது அவர்களின் வாதம். அது வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. பொறிகள் அடிக்கடி நின்ற காலம் அது, ஓடும் ரயிலில் பின் அலகுக்குப் போய் வந்தவர் பெரும்பாலும் ஃபயர்மேன்தான். நிறுவனங்கள் மறுத்தன. அரசு அமைத்த விசாரணைக் குழுக்களும் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. 1950 மே மாதத்தில் பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல், சான்டா ஃபே உள்ளிட்ட பெரிய ரயில்வேகளில் இதற்காக வேலைநிறுத்தம் நடந்தது; சில நாள்களில் முடிந்தது; இரண்டாவது ஃபயர்மேன் கிடைக்கவில்லை.

தென் மாநிலங்களில் இதற்கு இருண்ட முகம் ஒன்றும் இருந்தது. அங்கே நீராவி இன்ஜின்களில் புழுதியிலும் அனலிலும் கரி வாரிய ஃபயர்மேன்களில் கணிசமானோர் கறுப்பினத்தவர். அவர்கள் ஓட்டுநராகப் பதவி உயர முடியாது. வெள்ளையருக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை தந்த ஃபயர்மேன் சங்கம் 1941இல் தென்கிழக்கு ரயில்வேகளோடு ஓர் உடன்பாடு செய்தது. ‘பதவி உயர்வு பெற இயலாதோர்’ என்ற சொல்லால் கறுப்பினத்தவரைக் குறித்து, அவர்களின் பங்கைக் கட்டுப்படுத்தி, புதிய வேலைகளிலிருந்து அவர்களை விலக்குவதே அதன் நோக்கம். டீசலில் ஃபயர்மேன் வேலை உடை அழுக்காகாத வேலை. ஆகவே அந்த இருக்கைக்குப் போட்டி மூண்டது. லூயிவில் அண்டு நாஷ்வில் ரயில்வேயின் ஃபயர்மேன் பெஸ்டர் வில்லியம் ஸ்டீல் தொடுத்த வழக்கில், 1944 டிசம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு பிரிவுத் தொழிலாளர் அனைவருக்கும் பேரம் பேசும் உரிமை பெற்ற சங்கம், தன் உறுப்பினரல்லாதவருக்கும் இனப் பாகுபாடின்றி நியாயமாக நடக்கக் கடமைப்பட்டது என்றது அந்தத் தீர்ப்பு. நடைமுறையில் பாகுபாடு அன்றோடு ஒழியவில்லை.

போரும் மலையும்

இரண்டாம் உலகப் போரின்போது, 1942க்குப் பிறகு, பயணிகள் ரயிலுக்கென்றே டீசல் இன்ஜின் கட்டுவதைப் போர்க்கால உற்பத்தி வாரியம் நிறுத்தியது. ஆல்கோ நிறுவனத்தின் டிஎல்-109 மட்டும் தப்பியது. சரக்கு ரயிலுக்கும் ஏற்றது என்பதால். நியூ ஹேவன் ரயில்வே அவற்றில் அறுபதை வாங்கி, பகலில் பாஸ்டன் – நியூ ஹேவன் பயணிகள் ரயில்களிலும் இரவில் சரக்கு ரயில்களிலும் மாற்றி மாற்றி ஓட்டியது.

போர் முடிந்ததும் வந்த ஈ7 இன்ஜின் 2,000 குதிரைத்திறன் கொண்டது. இரண்டு ஈ7 சேர்ந்த ஜோடி ஏறக்குறைய ஒரு தரநிலை அளவாகவே ஆனது. நியூயார்க் சென்ட்ரல் 1946இல் தன் புதிய நயாகரா நீராவி இன்ஜின்களையும் ஈ7 ஜோடிகளையும் ஹார்மன் – சிகாகோ இடையிலான 928 மைல் பாதையில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஒற்றை நயாகராவுக்கு எதிரே நிறுத்தப்பட்டது இரண்டு டீசல்கள் கொண்ட ஒரு ஜோடியே. நயாகரா நன்றாகவே ஈடுகொடுத்தது. ஆனாலும் ஏறத்தாழ பத்தாண்டுகள் மட்டுமே உழைத்த பின் எல்லா நயாகராக்களும் உடைத்து விற்கப்பட்டன.

ஈ7 மொத்தம் 510 கட்டப்பட்டது. அதில் 428 ஏ, 82 மட்டுமே பி. அடுத்த ஈ8இல் 450 ஏ, 46 பி. பி அலகு விலை குறைவு, ஓட்டுநர் அறை இல்லை. இருந்தும் ஏன் அதைக் கைவிட்டனர்? ஏ–பி ஜோடி பயண முடிவில் சுழல்மேடையில் திரும்ப வேண்டும். பி அலகால் தனியாக ஒரு ரயிலை இழுக்கவும் முடியாது. இரண்டு ஏ அலகுகளை முதுகோடு முதுகாக இணைத்தால் இரு முனையிலும் ஓட்டுநர் அறை. திரும்பத் தேவையில்லை. வேண்டும்போது பிரித்து இரண்டு சிறு ரயில்களுக்கும் அனுப்பலாம். சீபோர்டு ரயில்வேயின் ஈ4 இன்ஜின்களில் மூக்கிலேயே ஒரு கதவு வைத்து, முகத்தோடு முகம் இணைத்தாலும் ஆள் கடந்துபோக வழி செய்திருந்தனர்.

மேற்கின் மலைகளில் ஈ வகை தடுமாறியது. அதன் ஒவ்வொரு போகியிலும் மூன்று அச்சுகள். நடு அச்சுக்கு மோட்டார் இல்லை, பாரத்தைத் தாங்குவது மட்டுமே அதன் வேலை. ஆகவே ஈ ஜோடியில் பன்னிரண்டு அச்சுகள் இருந்தும் இழுப்பவை எட்டுதான். கொலராடோ – நியூ மெக்சிகோ எல்லையிலுள்ள ராட்டன் கணவாயில், நூறு அடிக்கு மூன்று அடிக்கும் மேல் உயரும் பாதையில், இது போதவில்லை. மெதுவாக ஏறும்போது மோட்டார்கள் சூடேறின. சரக்கு ரயிலுக்காக உருவான எஃப் வகையில் எல்லா அச்சுகளும் இழுப்பவை. போருக்குப் பின் சான்டா ஃபே சூப்பர் சீஃபுக்கு ஏ–பி–பி–ஏ என நான்கு எஃப்3 அலகுகளைப் பூட்டியது: 6,000 குதிரைத்திறன், இழுக்கும் அச்சுகள் பதினாறு. ஆல்கோ நிறுவனமும் தன் 75,000ஆவது இன்ஜினைச் சான்டா ஃபேவுக்கே ஏ–பி–ஏ தொகுதியாகக் கொடுத்தது. 1946இல் அது நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

1971இல் பெரும்பாலான தொலைதூரப் பயணிகள் ரயில்களை ஆம்ட்ராக் ஏற்றபோது, ஈ8, ஈ9 இன்ஜின்களும் அதனிடம் வந்தன. அவற்றில் பல வெவ்வேறு ரயில்வேகளிலிருந்து வந்தவை. பழைய வண்ணங்களைப் புதுப்பிக்க நேரமில்லாததால், தொடக்க மாதங்களில் ஒரு ரயிலின் முன்னால் இரண்டு வண்ண இன்ஜின்கள் இணைந்து ஓடின. கட்டுப்பாட்டுக் கேபிள் பொருந்தியது. அதுவே போதுமானதாக இருந்தது. பால்டிமோர் அண்டு ஒஹையோ 1937–38இல் வாங்கிய ஆறு ஏ அலகுகளில் முதலாவதான எண் 51, பால்டிமோரில் உள்ள ரயில்வே அருங்காட்சியகத்தில் இன்று பாதுகாக்கப்படுகிறது.